துண்டில்லாத அடைவு: ஆயுள் காப்புறுதிக் கடனின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

2024 ஐப்பசியில் ரூஜில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நான் பின்னேர ஷிப்டில் நின்றேன். கார்க் காப்புறுதிக் கடிதம் என்று நினைத்து மனைவி அதைப் பிரித்திருக்கிறாள். எனது ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின் மீது பெறப்பட்ட கடனும் வட்டியும் சேர்ந்து பத்திரத்தின் காசுப் பெறுமதியை எட்டும் நிலையில் உள்ளன, குறித்த திகதிக்குள் ஒரு தொகை கட்டப்படாவிட்டால் பத்திரம் செயலிழந்துவிடும் என்பது அதன் சாரம். அப்படி ஒரு கடன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. நள்ளிரவு தாண்டி நான் வந்தபோது கடிதம் சாப்பாட்டு மேசையில் விரித்தபடி கிடந்தது.

"இது என்ன கடன்?" என்றாள்.

"அது பிறத்தியாரின்ர காசில்லை. எங்கட காசுதான்" என்றேன்.

"எங்கட காசெண்டால் எனக்கேன் தெரியாது?"

இந்தக் கேள்விக்கு அன்றிரவு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஊரில் வரலாறு படிப்பித்தவன் நான். இங்கே பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்குகிறேன். வீட்டில் பதில் சொல்ல முடியாதவன் வரலாற்றுக்குள் ஓடி ஒளிகிறான் என்று நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் தேடிப் பார்த்தபோது, அவள் கேட்ட கேள்வியே இந்தக் கடனின் இருநூறு ஆண்டு வரலாற்றில் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்வி என்பது தெரிந்தது. பத்திரத்துக்குள் இருக்கும் காசு யாருடையது? அதை ஈடு வைக்கும் உரிமை யாருக்கு? யாரைக் கேட்டு வைக்க வேண்டும்? முதலிரண்டு கேள்விகளுக்கும் சட்டம் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. மூன்றாவதில் அது முன்னே போய்ப் பின்னே வந்திருக்கிறது என்பதே என் வாதம்.

1

யாழ்ப்பாணத்துச் சமூகம் கடனை அறியாத சமூகமல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையில் ஈடு, அடைவு, வட்டிக் கடன் பற்றியெல்லாம் விதிகள் உள்ளன. ஒற்றி என்பது எங்களுக்குப் பழக்கமான ஏற்பாடு. காணியைக் கடன் கொடுத்தவன் ஆள்வான், அதன் பலனை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வான். முதலைக் கொடுத்தால் காணி மீளும். ஈட்டில் காணி உரியவனிடமே இருக்கும், வட்டி ஓடும். அடைவில் நகை கைமாறும்.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. அவை கண்ணுக்குத் தெரிபவை. ஒற்றி வைத்த காணியில் அடுத்த போகம் வேறொருவன் மாடு கட்டி உழுவான், ஊரே பார்க்கும். அடைவுக்குப் போகும் நகை ஒரு பெண்ணின் கழுத்திலிருந்தோ கையிலிருந்தோ கழற்றப்பட வேண்டும். அவளுக்குத் தெரியாமல் அது நடக்காது. நான் இதை ஒரு பொற்காலமாகக் காட்ட முனையவில்லை. அழுதுகொண்டு கழற்றிக் கொடுத்த பெண்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும். சம்மதம் கட்டாயத்தில் பெறப்பட்டதாக இருக்கலாம். எனினும் அறிவு இருந்தது. என்ன போனது, எங்கே போனது, எப்போது மீட்க வேண்டும் என்பது அடைவுகடைத் துண்டாக அலுமாரிக்குள் கிடந்தது.

சட்டத்திலும் இதற்கு ஓர் அடிப்படை இருந்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், ஆனால் தன் அசையும் சொத்தைக் கைமாற்ற அது வேண்டியதில்லை. காணி விஷயத்தில் அவளைக் கட்டிப்போட்ட அதே சட்டம் நகையை அவளிடம் விட்டுவைத்தது. அந்த அளவுக்கு அவள் அடைவின் ஒரு தரப்பினள்.

தேசவழமை பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அது மனிதரையும் சொத்தாகப் பேசியது. அடிமைகளை விற்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். இந்த ஆண்டை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவும். காப்புறுதியின் கதையும் அங்கிருந்துதான் திரும்புகிறது.

2

ஐரோப்பாவில் ஆயுள் காப்புறுதி நீண்ட காலம் சூதாட்டத்தின் அயல்வீட்டில் குடியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எவரும் எவரது உயிர் மீதும் பணம் கட்டலாம், அவர் செத்தால் இலாபம். இதைத் தடுக்க 1774இல் ஒரு சட்டம் வந்தது. காப்புறுதி எடுப்பவருக்கு அந்த உயிரில் ஒரு பொருளாதார அக்கறை இருக்க வேண்டும் என்றது அது. மனைவிக்குக் கணவன் உயிரில் அக்கறை உண்டு. கடன் கொடுத்தவனுக்குக் கடன்காரன் உயிரிலும் அக்கறை உண்டு. பிரதமர் வில்லியம் பிற் 1806இல் பெருங் கடனுடன் இறந்தபோது, அவருக்குக் கடன் கொடுத்திருந்தவர்கள் அவர் உயிர் மீது எடுத்திருந்த பத்திரம் நீதிமன்றம் வரை போனது. கடன் வேறு வழியில் தீர்ந்துவிட்டதால் காப்புறுதிப் பணம் இல்லையென 1807இல் தீர்ப்பாயிற்று. 1854இல் இன்னொரு வழக்கில் அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. ஆயுள் காப்புறுதி வெறும் நட்டஈடு அல்ல, கட்டிய பணத்துக்கு ஈடாகத் தரப்படும் உறுதியான தொகை என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது.

ஆனால் கட்டிய பணம் கட்டியவனுடையதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் இல்லை என்பதே நடைமுறை. இருபது ஆண்டு கட்டியவன் முதுமையில் ஒருமுறை கட்டத் தவறினால் பத்திரம் போய்விடும். நிறுவனம் தான் விரும்பினால் ஏதோ கொடுக்கும். ஆகவே லண்டன் றோயல் எக்ஸ்சேஞ்சில் பழைய பத்திரங்கள் ஏலம் விடப்பட்டன. கட்ட வசதியற்ற முதியவர்கள் ஏலத்துக்கு வருவார்கள். வாங்க வந்தவர்கள் அவர்களின் முகத்தையும் உடலையும் பார்த்து விலை சொல்வார்கள். ஆள் எவ்வளவு நலிந்தவரோ அவ்வளவு நல்ல விலை. வாங்கியவர் எஞ்சிய கட்டுப்பணத்தைக் கட்டிக்கொண்டு மரணத்துக்காகக் காத்திருப்பார்.

1844இல் இந்த ஏலத்தைப் பார்த்தவர் எலைசர் றைற் என்ற அமெரிக்கர். அவரது வாழ்க்கை எங்களில் பலருக்குப் பரிச்சயமானதாகத் தோன்றும். ஒகையோவில் ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர். அடிமை ஒழிப்புக் கொள்கை காரணமாக 1833இல் அந்தப் பணியை விட்டு, அடிமை எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளரானார். பின்னர் பிழைப்புக்காக, தாம் மொழிபெயர்த்த லா ஃபொந்தேனின் கதைகளை விற்க இங்கிலாந்து வந்திருந்தார். வந்த இடத்தில் கண்ட முதியோர் ஏலம் அவருக்குத் தன் நாட்டின் அடிமைச் சந்தையை நினைவூட்டியது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த அதே ஆண்டில், லண்டன் நகரின் நடுவே மனித ஆயுள் ஏலம் போய்க்கொண்டிருந்தது.

றைற் ஊர் திரும்பிக் கணக்குப் போட்டார். ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு பத்திரத்துக்குப் பின்னாலும் நிறுவனம் எவ்வளவு ஒதுக்கு வைத்திருக்க வேண்டும் என்று அட்டவணைகள் தயாரித்தார். இளமையில் ஒருவன் கட்டுவது அந்த வயதின் மரண ஆபத்துக்குத் தேவையானதைவிட அதிகம். அந்த மிகுதிதான் முதுமையின் ஆபத்தைத் தாங்குவதற்காகச் சேர்கிறது. ஆகவே அந்தச் சேர்மானம் கட்டியவனுக்கே உரியது என்பது அவர் வாதம். 1858இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் காப்புறுதி ஆணையாளர்களில் ஒருவரானார். 1861இல் அங்கு நிறைவேறிய சட்டம், கட்டுவதை நிறுத்தியவரின் பத்திரத்தை அப்படியே விழுங்கிவிட முடியாது, அதன் நிகரப் பெறுமதியில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டு காப்புறுதியைத் தொடர வேண்டும் என்றது. 1880இல் அதைக் காசாகவே பெறும் உரிமையும் அங்கு சட்டமாயிற்று. இன்று நாங்கள் காசுப் பெறுமதி, ஒப்படைப்புப் பெறுமதி என்று சொல்வதன் மூலம் இதுதான். நிறுவனங்களின் பெருந்தன்மையால் வந்ததல்ல. அடிமை ஏலத்தை வெறுத்த ஒரு முன்னாள் ஆசிரியரின் பிடிவாதத்தால் வந்தது.

3

பெறுமதி உண்டென்றானதும் அதை ஈடு வைக்கவும் முடியும் என்றாயிற்று. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிறுவனத்திடமே கடன் பெறுவது. இங்கே நுணுக்கமாகக் கவனிக்க வேண்டியது, பத்திரத்திலிருந்து காசை எடுப்பதில்லை என்பதே. நிறுவனம் தன் பணத்தைக் கடனாகத் தருகிறது, பத்திரம் பிணையாக நிற்கிறது. தவணை இல்லை, வருமானம் விசாரிப்பதில்லை. வட்டி கட்டாவிட்டால் முதலோடு சேரும். இறந்தால் கடன் கழித்து மீதி குடும்பத்துக்கு. மற்றையது, பத்திரத்தை வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்து வங்கியிடம் கடன் பெறுவது.

இந்த உரிமையைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1911 மார்கழியில் வந்தது. பேச்சார்ட் என்பவருக்குச் சத்திரசிகிச்சை செய்யக் காசில்லை. தன் பத்திரத்தை 100 டொலருக்கும், எஞ்சிய கட்டுப்பணத்தைக் கட்டும் உறுதிக்கும், கிறிக்ஸ்பி என்ற வைத்தியருக்கே விற்றார். பேச்சார்ட் இறந்த பின் வழக்கு எழுந்தது. ஆயுள் காப்புறுதிப் பத்திரத்துக்குச் சொத்தின் இயல்புகளை இயன்றவரை வழங்க வேண்டும், நேர்மையாக எடுத்த பத்திரத்தை விற்கவும் உரிமையுண்டு என்று நீதியரசர் ஹோம்ஸ் தீர்ப்பளித்தார். றைற் வெறுத்த விற்பனை இப்படி வேறு வடிவில் நியாயம் பெற்றது. ஒன்ராறியோவில் இன்றும் பத்திரங்களை வாங்கி விற்கும் தொழில் சட்டப்படி குற்றம். ஈடு வைக்கலாம், சந்தையில் வியாபாரம் செய்ய முடியாது.

நெருக்கடி காலங்களில்தான் இக்கடனின் பலமும் பலவீனமும் தெரியவந்தன. 1907 நிதிப் பீதியின்போதும் 1929இன் சரிவுக்குப் பின்னரும் அமெரிக்க மக்கள் பெருந்தொகையாகப் பத்திரக் கடன் கேட்டுப் போனார்கள். வங்கிகள் கைவிரித்தபோது காப்புறுதி நிறுவனங்கள் கொடுத்தன. கடைத்தொகுதி முதலாளி ஜே. சி. பென்னி தன் பத்திரங்கள் மீது கடன் பெற்று மீண்டெழுந்த கதை இன்றும் முகவர்களின் வாயில் இருக்கிறது. அவர்கள் சொல்லாத பகுதி ஒன்றுண்டு. 1933 பங்குனியில் வங்கிகள் மூடப்பட்டபோது பல மாநிலங்கள் பத்திரக் கடனுக்கும் தற்காலிகக் கட்டுப்பாடு விதித்தன. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் தன் காசும் தன் காசல்ல.

ரொறன்ரோவுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1988இல் எயிட்ஸ் நோயாளருக்கென இங்கு கேசி ஹவுஸ் திறக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கனடியத் தலைவராக இருந்த றொன் பார்பறோ அங்கு நோயாளரோடு பழகியதன் விளைவாக, இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு மரணப் பணத்தின் ஒரு பகுதியை உயிரோடிருக்கையிலேயே கொடுக்கும் முறையைத் தொடங்கினார். செத்த பின் வரும் காசு சாகிறவனுக்கு உதவாதா என்ற எளிய கேள்வியே அதன் அடிப்படை.

4

எங்கள் பகுதிகளுக்கு இந்த வணிகம் காலனித்துவத்தோடு வந்தது. 1874இல் பம்பாயில் ஒரியண்டல் நிறுவனம் தொடங்கியது. சுதேசி அலையில் 1906இல் சென்னையில் யுனைற்றட் இந்தியா பிறந்தது. இன்று எங்கள் அயலவராக இருக்கும் கனடிய சன் லைஃப் 1892இலேயே இந்தியாவில் பத்திரம் விற்றது. 1956இல் இந்திய அரசு 245 நிறுவனங்களை ஒன்றாக்கி ஆயுள் காப்புறுதிக் கழகத்தை அமைத்தபோதுதான் அது அங்கிருந்து வெளியேறியது. இலங்கையில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாகி 1962இல் இயங்கத் தொடங்கியது. எண்பதுகளின் பிற்பகுதியில் தனியார் மீண்டும் வந்தார்கள். கூட்டுத்தாபனம் 1993இல் கம்பனியாக்கப்பட்டு, 2003இல் தனியாருக்கு விற்கப்பட்டு, 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அரசிடம் மீண்டது.

அரச உத்தியோக வீடுகளில் இப்பத்திரம் ஒரு புதிய சொத்தாக நுழைந்தது. காணிபோல எல்லைச் சண்டை இல்லை, நகைபோலக் களவு போகாது. சம்பளத்தில் கழியும். எனது தந்தையார் எழுதுவினைஞர். 1968இல் இருபத்தைந்து ஆண்டுப் பத்திரம் ஒன்று எடுத்தார். 1993இல் அது முதிரும்போது, அக்காவுக்குச் சீதனமாகக் கொடுக்க இருந்த வீட்டின் ஈட்டை மீட்பது என்பது வீட்டில் எல்லோரும் அறிந்த திட்டம். பிள்ளைகளாகிய நாங்கள் அந்த ஆண்டை ஒரு திருவிழாவைப்போல எதிர்பார்த்திருந்தோம்.

1993இல் வந்த தொகை மிகச் சிறியது. "இவ்வளவுதான் வந்தது" என்றார் ஐயா. அரசாங்கத்தைத் திட்டினோம். அம்மா தன் காப்புச் சோடியைக் கழற்றினார். 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அம்மா தூக்கிவந்த தகரப் பெட்டிக்குள் உறுதிகளும் இருந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்து, நனைந்த கடதாசிகளைக் காயப்போடும்போதுதான் அந்தப் பழைய கடித உறையைக் கண்டேன். 1984இல் பத்திரத்தின் மீது கடன் பெற்றதற்கான படிவம். இறப்பர் முத்திரை, ஐயாவின் கையெழுத்து. அம்மாவின் கையெழுத்து எங்கும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்தப் பணம் எங்கே போனது என்பது எனக்கு உடனே விளங்கியது. 1985இல் அண்ணா மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் போய், அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் இறங்கினார். பேர்லின் எல்லையை ஓர் அரச எல்லையாக ஏற்காததால் மேற்குத் தரப்பு அங்கே விசா பார்ப்பதில்லை. 1986இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைக்கும் வரை எத்தனையோ தமிழ் இளைஞர் அதனூடாகத் தப்பினார்கள். எங்கள் புலப்பெயர்வின் மூலதனம் பற்றிப் பேசும்போது விற்ற காணியையும் அடைவு வைத்த நகையையும் சீட்டுக் காசையும் சொல்கிறோம். அரச ஊழியர்களின் காப்புறுதிப் பத்திரங்களை நாங்கள் எழுதவில்லை. அவை சத்தமில்லாமல் ஈடு போனதால்தான் எழுதப்படவில்லை என்று நினைக்கிறேன்.

ஐயா செய்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணா உயிரோடிருக்கிறார். ஆனால் ஒன்பது ஆண்டுகள் அம்மா இல்லாத ஒரு காசை நம்பி மகளின் கலியாணத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். ஐயா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். யாரைக் கேட்டு?

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதற்கு ஒரு துணிச்சலான பதிலை வைத்திருந்தது. மனைவி பிள்ளைகளுக்கென ஒருவன் எடுத்த பத்திரம் அவனுடைய சொத்தல்ல, அவர்களுக்காக அவன் வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பு என்பது அந்தப் பதில். கனடாவில் 1865இலேயே மனைவி பிள்ளைகளின் காப்புறுதி நலனைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1870இல் மணமான பெண்களின் சொத்துச் சட்டம். இந்தியாவில் அதே பெயரில் 1874இல். அதன் ஆறாவது பிரிவின்கீழ் மனைவி பிள்ளைகளின் நலனுக்கென எழுதிய பத்திரத்தில் கணவனுக்கு அதிகாரமில்லை, அவனது கடன்காரரும் அதைத் தொட முடியாது.

ஆனால் இச்சட்டம் இந்துக்களுக்குப் பொருந்துமா என்ற தகராறு எழுந்தது. பொருந்தும் என்று 1913இல் தீர்த்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு. இந்தியாவின் மற்றப் பகுதிகளில் இந்து, முஸ்லிம் பெண்களுக்கு இந்தப் பாதுகாப்பு 1923இன் திருத்தத்தோடுதான் உறுதியாயிற்று. இன்றும் அந்தச் சட்டப் பிரிவில் சென்னைக்கு மட்டும் 1913 மார்கழி 31 என்ற தனித் திகதி நிற்கிறது. பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேசும் எங்கள் ஆய்வாளர்கள் இந்தச் சிறிய வரியைக் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிரிவின்கீழ் எடுக்காத சாதாரணப் பத்திரத்தின் நிலை வேறு. 1938ஆம் ஆண்டின் இந்தியக் காப்புறுதிச் சட்டப்படி, பத்திரத்தை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தால் முன்பு செய்த நியமனம் தானாகவே இரத்தாகும். நிறுவனத்திடமே கடனுக்கு ஈடு வைத்தால் நியமனம் நிற்கும், ஆனால் கடன் போக மீதிக்குத்தான். மனைவியின் பெயர் காகிதத்தில் அப்படியே இருக்கும். அதன் பெறுமதி கீழிருந்து கரையும்.

ஒன்ராறியோவில் 1962 ஆடி 1 வரை மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் முன்னுரிமைப் பயன்பெறுநராகக் கருதப்பட்டனர். அவர்களுக்கென எழுதியதும் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு உருவாகிவிடும், அந்த வட்டத்துக்கு வெளியே அதைத் திருப்ப முடியாது. அன்றிலிருந்து சட்டம் மாறியது. பத்திரத்தின் சொந்தக்காரர் விரும்பினால் ஒருவரை மாற்ற முடியாத பயன்பெறுநராக நியமிக்கலாம், அப்போது அவரது சம்மதமின்றிக் கடன் பெற முடியாது. அப்படி நியமிக்காவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெளிக் கடன்காரரிடமிருந்து குடும்பத்துக்கான பாதுகாப்பு தொடர்கிறது. ஆனால் கணவனிடமிருந்து இருந்த பாதுகாப்பு, கேட்டால் மட்டும் கிடைப்பதாகிவிட்டது. அதைக் கேட்க வேண்டுமென்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்?

6

என் பத்திரம் 2006இல் எடுத்தது. ஒரு இலட்சம் டொலர், மாதம் 120. முகவர் எங்கள் ஆள். படிவத்தில் மனைவியின் பெயரை எழுதினார், மாற்ற முடியாதது என்றொரு வகை உண்டென்று சொல்லவில்லை. உங்களுக்கு நீங்களே வங்கி என்று இப்போது ஸ்காபரோவில் பலர் இதைப் பரப்புகிறார்கள். அதில் பாதி உண்மை. கடன் வரலாறு இல்லாத, வங்கியில் தலைகுனிந்து நிற்க விரும்பாத அகதிக்கு, எவரையும் கெஞ்சாமல் ஒரு வாரத்தில் காசு கிடைக்கிறது. மரணத்தை வைத்து வியாபாரம் என்று இதை முழுவதுமாக நிராகரிக்கும் எங்கள் இடதுசாரி நண்பர்கள் றைற்றின் போராட்டத்தை மறந்துவிடுகிறார்கள். மற்றப் பாதியைத்தான் முகவர்கள் சொல்வதில்லை. வங்கிக்கு வட்டி கட்டும் வாடிக்கையாளனும் நீதான். வங்கி முறிந்தால் தெருவில் நிற்பது உன் குடும்பம்.

2017இல் நான் 9,000 டொலர் கடன் எடுத்தேன். எதற்கு என்பதையும் எழுத வேண்டும். அக்காவின் மகளின் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட தொகையில் குறைந்தது இவ்வளவு. சீதனத்தை எதிர்த்து வகுப்பறையில் பேசியவன் நான். மனைவியிடம் சொன்னால் அதை நினைவூட்டுவாள் என்று தெரியும். எங்கள் மகளின் படிப்பைப் பற்றியும் கேட்பாள். ஆகவே சொல்லவில்லை. 1993இல் அக்காவுக்கு வராமல் போன காசை நான் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். எனக்கு ஒரு கையெழுத்து மட்டுமே தேவைப்பட்டது. எவரது கழுத்திலிருந்தும் எதுவும் கழற்றப்படவில்லை.

2020இல் தொழிற்சாலை மூடியபோது கட்டுப்பணம் கட்ட முடியவில்லை. பத்திரம் உடனே போகவில்லை. கட்டுப்பணத்தையும் தானாகவே கடனாக எழுதிக்கொள்ளும் ஏற்பாடு பத்திரத்தில் இருந்தது. வேலை மீண்ட பின்னும் நான் அதைச் சீர்செய்யாமல் விட்டேன். யாரும் கேட்கவில்லை என்பதே காரணம். பழைய கடனுக்கு வட்டி, ஆண்டுதோறும் 1,440 டொலர் புதிய கடன், அதற்கும் வட்டி. 2024இல் எல்லாம் சேர்ந்து இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. பத்திரம் செயலிழந்தால் ஒரு இலட்சம் போவதோடு, கணக்குப்படி எழும் இலாபத்துக்கு வருமான வரியும் வரலாம். ஐம்பதைக் கடந்த, நீரிழிவு உள்ள எனக்குப் புதுப் பத்திரம் இந்த விலையில் எவரும் தரமாட்டார்கள்.

தகரப் பெட்டியில் கண்ட படிவத்தின் கதையை அன்றிரவு அவளுக்குச் சொன்னேன். அனுதாபம் எதிர்பார்த்துத்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்கட அம்மாவுக்காவது ஒரு படிவம் மிஞ்சினது. நகையை வைச்சிருந்தால் துண்டெண்டாலும் அலுமாரிக்குள்ள கிடந்திருக்கும்."

இந்த ஒரு வசனத்தில் என் கட்டுரை முழுவதும் அடங்கிவிடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலான சட்டப் போராட்டம் பத்திரத்தை நிறுவனத்திடமிருந்து மீட்டுச் சொந்தக்காரனிடம் கொடுத்தது. அது முன்னேற்றம்தான். ஆனால் சொந்தக்காரன் என்பவன் தனி ஆள் என்று அது எடுத்துக்கொண்டது. மாதம் 120 டொலர் என் சம்பளத்திலிருந்து மட்டும் போகவில்லை. அவள் வேறொரு தொழிற்சாலையில் நின்று உழைத்ததில்தான் வீட்டு வாடகை கட்டுப்பட்டது. தேடிய தேட்டம் என்று எங்கள் தேசவழமை ஒரு சொல் வைத்திருக்கிறது. மணவாழ்வில் தேடியது இருவருக்கும் என்பது அதன் அடிக்கருத்து. அந்தச் சொல்லை வகுப்பில் விளக்கியவனுக்குத் தன் காப்புறுதிப் பத்திரம் அதற்குள் அடங்கும் என்பது தோன்றவில்லை.

என் முன்மொழிவு சிறியது. பத்திரக் கடன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட்டிக்கடைக்கும் கடனட்டைக்கும் போவதைவிட அது பல சமயங்களில் மேல். ஆனால் கடனுக்கு முன் அது வீட்டு மேசைக்கு வரவேண்டும். ஆண்டுதோறும் நிறுவனம் அனுப்பும் கூற்றில் கடன், வட்டி, காசுப் பெறுமதி மூன்றும் இருக்கும், அதை இருவரும் வாசிக்க வேண்டும். குறைந்தது வட்டியையாவது கட்ட வேண்டும். இயலுமானவர்கள் துணையை மாற்ற முடியாத பயன்பெறுநராக எழுதலாம்.

இந்தக் கடைசி யோசனைக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். பிரிந்து வாழும் தம்பதியரிடையே, வன்முறையுள்ள வீடுகளில், பத்திரம் பெண்ணின் பெயரில் இருந்து சம்மதிக்க வேண்டியவன் கணவனாக இருக்கும்போது, இதே கட்டு அவள் கழுத்துக்கே கயிறாகும். காணி விற்கக் கணவனின் கையெழுத்துக்குக் காத்திருந்த யாழ்ப்பாணப் பெண்ணின் நிலைக்கே அது கொண்டுபோய் விடலாம். இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. பெண் நிலையிலிருந்து எழுதும் தோழியர் இதை விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, சேமிப்பில் இருந்ததைக் கொண்டு முதலில் பத்திரத்தைக் காப்பாற்றினோம். சனிக்கிழமை மேலதிக வேலைக் காசு இப்போது கடனுக்குப் போகிறது. பயன்பெறுநர் படிவத்தை அவளே வரவழைத்தாள். முழுவதையும் வாசித்து, விளங்காத இரண்டு இடங்களுக்குத் தொலைபேசியில் விளக்கம் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். படிவத்தின் பிரதி இப்போது அலுமாரிக்குள், அவளின் தாலிக்கொடிப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது.